ஆளை இறக்கிவிட்ட விமானம்: ஓசூரில் ருஸ்தம்-1 முதல் பறப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் பெலகொண்டப்பள்ளி இருக்கிறது. கோஸ், தக்காளி, ரோஜா என்று பயிர் மாறிக்கொண்டே வரும் நிலங்களுக்கு நடுவில் ஒரு கம்பிவேலி குறுக்கிடும். அதற்கு அப்பால் ஏழாயிரம் அடிக்குச் சற்று மேல் நீளமுள்ள ஓடுபாதை. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் விமானத்தளம் அது. 2009 நவம்பர் 16 அன்று ருஸ்தம்-1 என்ற ஆளில்லா விமானம் அங்கிருந்து முதன்முறையாக எழும்பியது. தரையில் ஓடியது சரியாக இருந்தது. எழும்பியதும் சரியாக இருந்தது. பிறகு விழுந்து நொறுங்கியது.

இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. தந்த விளக்கம் சுருக்கமானது. ஓட்டமும் எழும்புதலும் திட்டப்படி நடந்தன; பறக்கும் உயரத்தைத் தவறாகக் கணித்ததால் தரையிலிருந்து கட்டளை போய் என்ஜின் அணைக்கப்பட்டது; உந்துவிசை பூஜ்யமாகிவிட்டது. கூடவே, காற்றியக்க வடிவமைப்பு, பறப்புக் கட்டுப்பாடு, என்ஜின், தகவல் இணைப்பு ஆகிய யாவும் நன்றாகவே வேலைசெய்தன என்றும் சொன்னார்கள். விழுந்து உடைந்த விமானத்தைப் பற்றி இப்படிச் சொன்னால் கேட்கிறவருக்குச் சிரிப்புதான் வரும். எனக்கோ அந்த விளக்கத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான். எந்தப் பாகமும் பழுதாகாமல் ஒரு விமானம் விழுந்திருக்கிறது என்றால், பழுது பாகங்களுக்கு வெளியே இருந்திருக்கிறது. தர்மபுரியில் மாணவர்களுக்கு இயந்திரவியல் சொல்லிக்கொடுக்கும் நான் ஆண்டுதோறும் இந்த நிகழ்வை வகுப்பில் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

வீட்டுக் கொட்டகையில் பிறந்த வடிவம்

ருஸ்தம்-1 புதிதாக வரைந்த விமானம் அன்று. அதன் தாத்தா, பர்ட் ருட்டன் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1979-இல் பறக்கவிட்ட லாங்-ஈஸி. வரைபடத்தை வாங்கி, நுரைப்பலகையை வெட்டி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் ஒட்டி, வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளும் இரட்டை இருக்கை விமானம். சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், புரொப்பல்லர் வாலில். தரையில் நிறுத்தும்போது மூக்குச் சக்கரத்தை மடக்கி, தண்ணீர் குடிக்கும் மாடுபோல மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கவைப்பார்கள். பெயரில் இருக்கும் ‘லாங்’ நெடுந்தூரத்தைக் குறிப்பது. இறக்கை உடலோடு சேரும் அகன்ற பகுதிகளில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு இவ்வளவு சிறிய விமானம் போகும் தொலைவு வியப்பூட்டுவது.

பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் 1980-களில் இந்த வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு ஓர் இலகுரக ஆராய்ச்சி விமானத்தைக் கட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ருஸ்தம் தமானியா. 2001-இல் அவர் மறைந்தார். டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூர் ஆய்வகமான வானூர்தி மேம்பாட்டு நிறுவனம் அதே வடிவத்தை ஆளில்லாமல் பறக்கும் கண்காணிப்பு விமானமாக மாற்றியபோது அவர் பெயரையே வைத்தார்கள். இறக்கை நீளம் ஏறக்குறைய 7.9 மீட்டர், லாங்-ஈஸியின் அளவுதான். முழு எடை 720 கிலோ. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்க வேண்டும் என்பது இலக்கு.

கண்காணிப்பு வேலைக்கு இந்த வடிவம் பொருத்தமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புரொப்பல்லர் பின்னால் இருப்பதால் மூக்கு காலி. கேமராவை அங்கே வைத்தால் பார்வையை மறைக்க எதுவும் இல்லை. விமானி உட்கார்ந்த இடம் பெட்டிகளுக்கும் எரிபொருளுக்கும் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயிரக்கணக்கான மணி நேரம் மனிதர்கள் ஏறிப் பறந்து காட்டிய வடிவம். புது விமானத்தின் காற்றியக்கத்தை நிரூபிக்கவே பல ஆண்டுகள் போகும். அந்தச் செலவு மிச்சம்.

ஓடுபாதையின் கதையும் இதோடு ஒத்துப்போவதைச் சொல்லாமல் போக மனமில்லை. 1990-களில் அந்தத் தளம் உருவானதே இத்தாலியின் பார்ட்டனேவியா பி-68 என்ற இரட்டை என்ஜின் சிறு விமானத்தை இங்கே கட்டுவதற்காகத்தான். தனியார் துறையில் சிறு விமானம் கட்டும் கனவு பெரிய அளவில் போகவில்லை. ஓடுபாதை மட்டும் நிலைத்தது. அதில்தான் வேறொரு சிறு விமானத்தின் பேரப்பிள்ளை வந்து நின்றது.

உயரம் என்றால் எந்த உயரம்?

வகுப்பில் முதலில் விபத்தைச் சொல்ல மாட்டேன். காற்றழுத்தம் காட்டும் கைபேசியை ஒரு மாணவன் கையில் கொடுத்து, தர்மபுரி பஸ் நிலையத்திலிருந்து ஓசூருக்கு எல்லோரும் பஸ் ஏறுவோம். புறப்படும் இடத்தில் ஏறக்குறைய 958 ஹெக்டோபாஸ்கல். கிருஷ்ணகிரி வரை பெரிய மாற்றம் இல்லை. சூளகிரியைத் தாண்டி மேடு ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வரும். ஓசூரில் இறங்கும்போது 910-ஐ ஒட்டி நிற்கும். தர்மபுரியைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டால் கருவியின் கணக்கில் நாம் ஏறக்குறைய 1,400 அடி உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறோம். கால் என்னவோ ஓசூர் பஸ் நிலையத்துச் சேற்றில் இருக்கும்.

விமானத்தின் சாதாரண உயரமானி அளப்பது காற்றழுத்தத்தைத்தான். அதற்குத் தரை தெரியாது. கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்தால், ஓசூர் ஓடுபாதையில் நிற்கும்போதே முள் மூவாயிரம் அடியை ஒட்டிக் காட்டும். ஓடுபாதையைப் பூஜ்யமாக வைத்தால் பூஜ்யம் காட்டும், வைத்த அந்த நேரத்துக்கு மட்டும். நம் ஊர்ப் பக்கம் காற்றழுத்தம் நாள்தோறும் கடல் அலைபோல ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி சுமாருக்கு உச்சம், மாலை நான்கு மணி சுமாருக்குத் தாழ்வு. வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வரை போகும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 30 அடி என்று வைத்தால், காலையில் சரிசெய்து மறந்துவிட்ட கருவி மாலையில் நூறடி பொய் சொல்லும். அதுவும் எந்தப் பக்கம்? உண்மையைவிட உயரமாக இருப்பதாகச் சொல்லும்.

பெலகொண்டப்பள்ளியில் நடந்தது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. உயரம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை பூஜ்யங்கள் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்த விமானிக்கு இந்தச் சிக்கல் தரையை நெருங்கும்போது தானாக மறைந்துவிடுகிறது. கடைசி நூறு அடியில் அவர் முள்ளைப் பார்ப்பதே இல்லை. ஓடுபாதையின் இரு ஓரங்களும் கண்ணுக்கு விரிந்துகொண்டே வரும் வேகம், வேலியோரத்து மரம் கண்ணின் எந்த மட்டத்தில் கடக்கிறது என்பது, இருக்கையின் கீழ் எடை குறைவதுபோன்ற உணர்வு, காற்றின் சத்தம் மெலிவது, எல்லாம் சேர்ந்து ‘இப்போது’ என்று சொல்லும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியாது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும் அம்மாவிடம் வெப்பநிலை என்ன என்று கேட்பது மாதிரி.

இந்த அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. லாங்-ஈஸியின் வரைபடத்தை விலைக்கு வாங்கலாம். நுரையும் பிசினும் அப்படியே கிடைக்கும். விமானியை இறக்கிவிடும்போது கூடவே இறங்கிப்போவது இது. எடைக் கணக்கில் எண்பது கிலோ மிச்சம் என்று எழுதிக்கொள்கிறோம். இறங்கிப்போனதற்குக் கணக்கேட்டில் பத்தி இல்லை.

ரேடியோ உயரமானி, லேசர் உயரமானி என்று தரையையே தொட்டு அளக்கும் கருவிகள் இருக்கின்றன. தானாகத் தரையிறங்கும் விமானங்களுக்கு அவை கண்ணும் இருக்கையும் சேர்ந்தவை. ஆனால் கருவி சொல்வதை நம்பி முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

முப்பது அடி என்பது எவ்வளவு?

மாணவர்களுக்கு முப்பது அடி பெரிதாகத் தெரிவதில்லை. பாதித் தென்னை மரம். அதனால் கணக்குப் போடச் சொல்வேன். மூன்று டிகிரி சரிவில் இறங்கிவரும் விமானத்துக்கு 30 அடி உயரப் பிழை என்பது தரையில் 570 அடி தள்ளிப்போவது. ஓடுபாதை நீளமாக இருந்தால் அது போகட்டும். அதே பிழையில் தூக்குவிசையை இழந்துவிட்டால்? முப்பது அடியிலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். எடையில் பாதியை இறக்கை இன்னும் தாங்கிக்கொண்டிருந்தால்கூட 34 கிலோமீட்டர். சிறு விமானங்களின் சக்கரத் தாங்கிகள் பொதுவாகத் தாங்குவது நொடிக்கு மூன்று மீட்டர் வரைதான். மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். ஒன்றரை அடி உயரத்திலிருந்து கீழே போட்டால் வரும் வேகம் அது. கணக்கு முடிந்ததும் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது.

லாங்-ஈஸி வடிவத்துக்கு இதில் தனிக் குணம் ஒன்று உண்டு. முன்னிறக்கை பெரிய இறக்கைக்கு முன்பே தூக்குவிசையை இழக்கும்படி அமைத்திருக்கிறார்கள். வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தால் மூக்கு தானாகக் கொஞ்சம் தாழும், வேகம் திரும்பும். விமானம் சுழன்று விழும் ஆபத்து பெருமளவு இல்லை. ஆயிரம் அடியில் இது உயிர்காக்கும் ஏற்பாடு. முப்பது அடியில் மூக்கு தாழ்ந்தால் தரைதான் இருக்கும்.

இதே ஏற்பாட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. பெரிய இறக்கை தன் முழுத் தூக்குவிசையை எட்ட விடப்படுவதே இல்லை. ஆகவே தரையிறங்கும் வேகம் அந்த அளவு விமானங்களுக்குச் சற்று அதிகம். உடலும் வழுக்கலானது; தரைக்கு அருகே வந்தபின் இறங்காமல் மிதந்துகொண்டே போகும். ருட்டன் அடிவயிற்றில் ஒரு காற்றுத்தடைப் பலகையை வைத்தது இதற்காக. போதாததற்கு எடை. லாங்-ஈஸியின் முழு எடை 600 கிலோ, ருஸ்தம்-1-இன் முழு எடை 720. இறக்கைப் பரப்பு அதேதான் என்று கொண்டால், முழு எடையில் தரையிறங்கும் வேகம் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் கூடும். ஓடுபாதையில் கரைக்க வேண்டிய ஆற்றலோ நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மனிதன் ஏறிப் பறந்து காட்டிய வடிவம் என்று சொன்னேன் அல்லவா, அந்த நிரூபணம் 600 கிலோவுக்குத்தான்.

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் செய்வது

இனி என்ஜினுக்கு வருவோம். என்ஜினின் வேகத்தைக் குறைப்பதும் என்ஜினை அணைப்பதும் ஒன்று என்று நினைப்பவர்களைத் தொப்பூருக்கு அழைத்துப்போக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் அந்த இறக்கத்தில், டீசல் மிச்சம் பிடிக்க கியரை விடுவித்து நியூட்ரலில் இறங்கும் லாரிகளால் நேர்ந்த விபத்துகள் நம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. கியரில் இறங்கும் லாரியை என்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது. நியூட்ரலில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. என்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நின்றுவிடும்.

விமானத்தில் இது தலைகீழ். என்ஜினைத் தணித்து வைத்தால், உயரம் போதாது என்று தெரிந்ததும் மறுபடி விசை கொடுத்து மேலே போய்விடலாம். தணிப்பது திரும்பப் பெறக்கூடிய செயல். அணைத்தால், தரையில் உட்கார்ந்துகொண்டு நூறடி உயரத்தில் இருக்கும் பிஸ்டன் என்ஜினைத் திரும்ப உயிர்ப்பிக்க நேரமே இருக்காது. அதுவரை உந்திக்கொண்டிருந்த புரொப்பல்லர், அந்த நொடியிலிருந்து வாலில் கட்டிய இழுவைத் தட்டு.

“அப்படியானால் அணைக்கும் பொத்தானை எதற்கு சார் வைக்க வேண்டும்? எடுத்துவிட்டால் தீர்ந்தது” என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். நல்ல கேள்வி, பதில் எளிதானதில்லை. தகவல் இணைப்பு கோளாறாகி விமானம் ஓசூர் நகரத்தை நோக்கித் திரும்பினால் அதை வயல்வெளியிலேயே விழவைக்க ஒரு வழி வேண்டும். தரையிறங்கியபின் பின்னால் சுழலும் புரொப்பல்லர் அருகே ஆட்கள் போக வேண்டியிருக்கிறது. அப்போதும் அது நிச்சயமாக நிற்க வேண்டும். ஆக, பொத்தான் கட்டாயம். ஆனால் இரண்டு காரணங்களும் இரண்டு விதமானவை. ஒன்று விமானத்தைப் பலிகொடுக்கும் முடிவு. மற்றது வேலை முடிந்தபின் கதவைப் பூட்டுவது. முதலாவதற்கு மூடிபோட்ட சுவிட்ச், இரண்டு பேர் ஒப்புதல் என்று தயக்கத்தைக் கட்டிவைக்கலாம். இரண்டாவதற்குச் சக்கரத்தில் எடை விழுந்தால் மட்டுமே இயங்கும் சுவிட்சைக் கோத்துவிடலாம். சக்கரம் தரையைத் தொடாதவரை எத்தனை முறை அழுத்தினாலும் அது கேட்காது. இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்தால் சக்கரப் பூட்டைப் போடவும் முடியாது, போடாமல் இருக்கவும் முடியாது.

அந்த ஆண்டு தேர்வில் தரைக் கட்டுப்பாட்டு மேசையை வரையச் சொன்னேன். அதே மாணவி இரண்டு பொத்தான்களை மேசையின் இரு கோடிகளில் வரைந்து, சிவப்புப் பொத்தானின் கீழே ‘அழுத்துமுன் ஜன்னல் வழியாகப் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தாள். பிறகு ஜன்னல் என்ற சொல்லை அடித்துவிட்டு, வேறொன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

இறங்கிப் பழகாத பரம்பரை

விபத்தை ஒரு தனிமனிதரின் கைப்பிழையாகப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ருஸ்தமுக்கு முன் அதே ஆய்வகம் செய்த ஆளில்லா விமானங்கள் லக்ஷ்யாவும் நிஷாந்தும். லக்ஷ்யாவை ராக்கெட் உந்தி ஏவினார்கள், நிஷாந்தை லாரியில் பொருத்திய கவண் எறிந்தது. இரண்டும் பாராசூட்டில் இறங்கின. பாராசூட்டில் இறங்கும் விமானத்துக்கு என்ஜினை வானிலேயே அணைப்பது இயல்பான நடைமுறை. ஓடுபாதையில் சக்கரம் வைத்து இறங்கும் கடைசி முப்பது அடி என்ற கேள்வியே அவற்றுக்கு எழவில்லை. ருஸ்தம்-1 முதல் நாளிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. பழைய பழக்கம்தான் கையை நகர்த்தியது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை; இப்படியொரு பரம்பரையில் அந்த முப்பது அடிதான் மெலிந்த கண்ணி என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

வெளிநாட்டிலும் சிறு விமானத்தை மாற்றியவர்கள் இந்த இடத்தில் தயங்கியிருக்கிறார்கள். வியட்நாம் போரின்போது அமெரிக்க விமானப்படை பீச்கிராஃப்ட் பொனான்சாவை கியூ.யு-22 என்று மாற்றியது. காட்டில் தூவிய உணரிகளின் சமிக்ஞைகளை வாங்கி அனுப்ப மணிக்கணக்கில் வட்டமிடும் வேலை. ஆளில்லாமலே பறக்கும்படி அமைத்திருந்தும் போர்ப்பணியில் விமானியை ஏற்றியே அனுப்பினார்கள். பின்னாளில் அரோரா நிறுவனம் டயமண்ட் டி.ஏ.42-ஐ சென்டார் என்று மாற்றியபோது இருக்கையை எடுக்கவே இல்லை; ஆள் ஏறியும் பறக்கலாம், ஏறாமலும் பறக்கலாம். பிரான்சின் பேட்ரோலர், ஸ்டெம்மே என்ற ஜெர்மானிய மோட்டார் கிளைடரிலிருந்து வந்தது. 2009-இல் பறக்கத் தொடங்கி 2016-இல் பிரெஞ்சுத் தரைப்படைக்குத் தேர்வான பிறகும், 2019 டிசம்பரில் ஒன்று விழுந்தது.

இவற்றில் எனக்கு உகந்தது சென்டார் வழி. இருக்கையில் ஒரு சோதனை விமானி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இறங்கும் வேலையைத் தானியங்கி நூறு முறை செய்து காட்டட்டும். தவறினால் அவர் கையை அவிழ்ப்பார். லாங்-ஈஸி வடிவத்தில் இரண்டு இருக்கைகள் இருந்தன. ஒன்றைக் கொஞ்ச காலம் விட்டுவைத்திருந்தால் என்ன என்று இன்றும் எனக்குத் தோன்றும். எடை கூடும், காலம் கூடும், ஒரு மனிதரின் உயிர் பணயம் என்ற எதிர்வாதமும் வலுவானதுதான். ஆளில்லா விமானம் விழுந்தால் யாருக்கும் காயம் இல்லை என்பதும் அதன் வடிவமைப்பில் ஒரு பகுதி; நவம்பர் 16-இல் உடைந்த காக்பிட்டுக்குள் யாரும் இல்லை.

பதினொரு மாதம் கழித்து, 2010 அக்டோபர் 16 அன்று, ருஸ்தம்-1 ஓசூருக்கு அருகே மறுபடி எழும்பியது. மூவாயிரம் அடி உயரத்தில் முப்பது நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கியது. 2011 நவம்பரிலும் அதே வட்டாரத்தில் பறந்தது. அதற்குப் பிந்திய ருஸ்தம்-2 இரட்டை என்ஜினும் இருபது மீட்டருக்கு மேற்பட்ட இறக்கையும் கொண்ட வேறு விமானம். லாங்-ஈஸியின் சாயல் அதில் இல்லை. 2016 நவம்பரில் அது முதலில் பறந்தது சித்ரதுர்காவில். பெலகொண்டப்பள்ளி வேலிக்கு இந்தப் பக்கம், அடுத்த ஆண்டு மாணவர்களோடு போய் நிற்கும்போது அநேகமாகத் தக்காளி இருக்கும், கைபேசியில் 910.